வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை

2008ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற ஊர், திருநெல்வேலிக்கு மேற்கே, பீடி சுற்றிப் பிழைக்கும் ஊர்களுள் ஒன்று. ஆலயத்தின் வடபுறம் பங்குத்தந்தை இல்லம்; அதற்கும் வடக்கே உயர்நிலைப் பள்ளி. பங்குத்தந்தையாக வருபவரே பள்ளியின் தாளாளர் என்பது அங்கே நெடுநாளைய வழக்கம். மறையுரை ஆற்றவும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லவும் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவன்தான் நான். ஆனால் ஒரு பள்ளியின் கால அட்டவணையில் கையெழுத்திடுவது எத்தகைய காரியம் என்பதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

மறு ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் எங்கள் பள்ளியின் தேர்ச்சி 78 விழுக்காடு. தாளாளர்கள் கூட்டத்தில் பள்ளிவாரியாகப் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, எங்கள் பெயர் வந்த இடத்தில் நான் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சத்தோடு ஊர் திரும்பியவன், ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் கணித ஆசிரியர் எழுந்து, ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் உடற்கல்விப் பாடவேளைகளைத் தமக்குத் தருமாறு கேட்டதும் உடனே இசைந்துவிட்டேன். வாரத்தில் இரண்டே வேளைகள். செவ்வாய்க்கிழமை கடைசி வேளை ஒன்று. வியாழக்கிழமை மூன்றாம் வேளை மற்றொன்று.

இசைந்ததோடு நில்லாமல் மறைநூலையும் துணைக்கு அழைத்தேன். உடற்பயிற்சி ஓரளவுக்கே பயன் தரும், இறைப்பற்றோ எல்லா வகையிலும் பயன் தரும் என்னும் கருத்தில் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தில் ஓர் அடி உண்டு. அதை எடுத்துச் சொல்லிச் சிரித்தேன், எல்லாரும் சிரித்தார்கள். திருமுக ஆசிரியர் உடற்பயிற்சியை இகழவில்லை, அதைவிடப் பெரிய ஒன்றைச் சுட்டவே அதை ஒப்புமைக்கு எடுத்தார் என்பது குருமடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மேலும், அந்தத் திருமுகம் இறைப்பற்றைத்தான் பெரிதாகச் சொல்கிறதே ஒழிய இயற்கணிதத்தை அல்ல.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். உடற்கல்வி ஆசிரியை. ஓய்வுபெற நான்கு ஆண்டுகளே எஞ்சியிருந்தவர். கழுத்தில் ஊதுகுழலும், சேலையின் இடுப்பில் செருகிய கைக்குட்டையுமாய் மைதானத்திலேயே நிற்பவர். நம் பள்ளிகளில் இவர்களை நாம் என்னவாக நடத்துகிறோம் என்பது வாசகர்கள் அறியாததல்ல. திருவிழாச் சப்பரத்துக்கு முன்னே பிள்ளைகளை வரிசைப்படுத்த, காலந்தாழ்த்தி வருபவர்களை வாசலில் நிறுத்த, விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பில் சத்தம் எழாமல் காக்க என்று கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஓர் ஆள். முற்காலத்தில் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்களே 'டிரில் மாஸ்டர்' ஆனார்கள். அது போதாது, உடலைப் பற்றிப் படித்தவரே உடலைப் பயிற்ற வேண்டும் என்று 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அத்தகைய முதற் கல்லூரி அது. நூறாண்டு கழிந்தும் நம் மனத்திலிருந்து அந்தப் பழைய டிரில் மாஸ்டர் இறங்கியபாடில்லை.

அன்று மாலை அவர் இல்லத்துக்கு வந்தார். கையில் பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று.

"சாமி, ஒரு வருசத்துக்குத்தான்னு சொல்றீங்க. நான் எதிர்த்துப் பேசலை. இதை மட்டும் ஒரு தடவை பாத்துருங்க."

பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், புரட்டினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். உயரம், எடை, ஓடி முடித்ததும் நாடித்துடிப்பு, ஒரு நிமிடம் ஓய்ந்தபின் நாடித்துடிப்பு. சில பெயர்களின் ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள். "நல்லது டீச்சர், நோட்டைப் பத்திரமா வச்சிக்கிடுங்க. அடுத்த வருசம் பார்ப்போம்" என்றேன். செபமாலைக்கு மணி அடித்தது. அவர் எழுந்து போனார்.

அவருடைய வகுப்பு எப்படி நடந்தது என்பதை நான் பின்னால்தான் விசாரித்து அறிந்தேன். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிவிட்டு வீடு போனதும் தாயின் அருகே சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, மறுநாள் கடையில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இரவு வரை குனிந்த முதுகு. மூக்கருகே புகையிலைத் தூள். பூப்பெய்திய பெண் தெருவில் ஓடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் முதுகை நிமிர்த்தி மூச்சு முட்ட ஓடுவதற்கு வாரத்தில் இருந்தவை இந்த இரு வேளைகள் மட்டுமே. அவற்றைத்தான் நான் ஒரு சிரிப்போடு எடுத்துக் கொடுத்திருந்தேன்.

மைதானத்தை இரண்டு முறை சுற்றி ஓடச் செய்வார். நின்றதும் மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி, நான்கால் பெருக்கச் சொல்வார். (கணித ஆசிரியர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.) ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுவார்கள். நலமாக உள்ள பிள்ளைக்கு நாடி விரைவில் இறங்கும். இரத்தத்தில் சத்துக் குறைந்த பிள்ளைக்கு இறங்காது. உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் போதாததால், இருக்கும் இரத்தத்தையே இதயம் மீண்டும் மீண்டும் விரட்ட வேண்டியிருக்கும். அத்தகைய பிள்ளையை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுக் கீழிமையை விரலால் தாழ்த்திப் பார்ப்பார். சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா?

அந்த மரத்தடியில்தான் உடல்நல வகுப்பு. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதே, அது சோற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள், அது சேர்த்துவிடும். கொல்லைக்குச் செருப்பில்லாமல் போகாதே, கொக்கிப்புழு பாதத்தின் வழியே புகுந்து குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். பாடநூலிலும் இவையெல்லாம் உண்டு. ஆனால் பாடநூல் எந்தப் பிள்ளையின் இமையையும் தாழ்த்திப் பார்ப்பதில்லை.

அந்தப் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாள்களில் "இன்னைக்கு ஓட முடியலை டீச்சர்" என்று பிள்ளைகள் வந்து காதில் சொல்வார்கள். சொன்ன பிள்ளையின் பக்கத்தில் தேதியோடு ஒரு புள்ளி. ஒரே பிள்ளைக்குப் புள்ளிகள் நெருங்கி வந்தாலோ, பத்து நாள் கழித்தும் அதே பிள்ளை அதையே சொன்னாலோ அவருக்கு விளங்கிவிடும். தாயிடமும் சொல்லத் தயங்குவதைப் பிள்ளைகள் அவரிடம் சொன்னார்கள். ஓடச் சொல்பவரிடம்தானே ஓட முடியாததைச் சொல்லியாக வேண்டும்! கணித வகுப்பில் உட்கார்ந்திருக்க எவரிடமும் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

2010 சனவரி 26. குடியரசு நாள். கொடியேற்றி முடித்து நான் பேசிக்கொண்டிருந்தேன். சற்று நீளமாகவே பேசினேன் என்பது நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு மாணவி சரிந்து விழுந்தாள். வெயில் மயக்கம் என்றார்கள், தண்ணீர் தெளித்தார்கள். உடற்கல்வி ஆசிரியை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மண்டியிட்டு, அவளுடைய கீழிமையைத் தாழ்த்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "வண்டியை எடுக்கச் சொல்லுங்க சாமி" என்றார். அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 6.4. அந்த வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தசோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது என்று மருத்துவர் விளக்கினார். ஓராண்டுக்கு மேலாக மாதந்தோறும் மிகுதியான உதிரப்போக்கு, போதாததற்குக் கொக்கிப்புழு. இரண்டு பைகள் இரத்தம் ஏற்றினார்கள். தாய் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, "எப்பவும் உக்காந்தே இருக்க பிள்ளதான சாமி, அலுப்புன்னு நெனச்சிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இரத்தசோகை வெளியே தெரிவதில்லை. எங்கள் பள்ளியிலும் அவளை உட்காரத்தான் வைத்திருந்தோம்.

மாலையில் நோட்டைக் கேட்டு வாங்கினேன். இம்முறை படித்தேன். அவளுடைய பக்கத்தில் கடைசிப் பதிவு 2009 மார்ச் மாதத்தது. ஓடி முடித்ததும் நாடி 140. ஒரு நிமிடம் கழித்து 128. இமை வெளிறல். ஓரத்தில் ஏழெட்டுப் புள்ளிகள். கீழே பென்சிலில்: 'தாயைப் பார்த்துப் பேச வேண்டும். ஜூனில் மறுபடி.' ஜூனில் நான் அந்த வகுப்பை எடுத்துவிட்டேன்.

"வகுப்பு இல்லாட்டியும் நான் அவளைக் கூப்பிட்டுப் பாத்திருக்கணும். என் தப்பு சாமி" என்றார் ஆசிரியை. இல்லை டீச்சர், தவறு என்னுடையது என்று அந்தக் கணமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பிறருடைய பாவ அறிக்கையைக் கேட்பவன் நான். என் வாய் திறக்க மறுநாள் வரை ஆயிற்று. அதைவிட வெட்கக்கேடானது ஒன்று உண்டு. பாடவேளைகளை உடனே திருப்பித் தரவும் எனக்குத் துணிவு வரவில்லை. தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தானே என்று ஒத்திப்போட்டேன். அந்த ஆண்டு தேர்ச்சி 94 விழுக்காடு. தாளாளர்கள் கூட்டத்தில் கேடயம் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். அந்த மாணவி மார்ச் மாதத் தேர்வை எழுதவில்லை. பின்னர் துணைத் தேர்வெழுதித் தேறினாள். பதினொன்றாம் வகுப்புக்கு வீட்டில் அனுப்பவில்லை.

2010 ஜூனில் இரு வேளைகளும் மைதானத்துக்குத் திரும்பின. பெற்றோர் சிலர் முறையிட வந்தார்கள். வயதுக்கு வந்த பெண்ணை ஓடவிடலாமா என்று கேட்டவர்களுக்கு ஆசிரியையே பதில் சொல்லிக்கொண்டார். நான் செய்ததெல்லாம் அட்டவணையில் கையெழுத்திட்டதும், எடைபார்க்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்ததும்தான்.

உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை நான் எத்தனையோ இளைஞர் தியானங்களில் விளக்கியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால், அத்தனை முறையும் கற்பைப் பற்றிப் பேசத்தான் அதை எடுத்திருக்கிறேன். அந்த ஆலயத்துக்குள் ஓடும் இரத்தம் எவ்வளவு, அது சிவப்பாக இருக்கிறதா என்று ஒருமுறையும் கேட்டதில்லை. உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், அந்த உடலை ஆன்மா தங்கிச் செல்லும் வாடகை வீடாகவே நடத்துகிறோம். இது பவுலடியாரிடமிருந்து வந்ததன்று. பிளேட்டோவிடமிருந்து நம் வீட்டுக்குள் நுழைந்து, நம்முடைய பிள்ளை போலவே வளர்ந்துவிட்ட எண்ணம்.

2013 முதல் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை பள்ளிகளின் வழியே வழங்கும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம். ஆயினும் 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட அது கூடுதல். மாத்திரையைக் கையில் வாங்குவது வேறு, விழுங்குவது வேறு. விழுங்கியும் ஏறவில்லையென்றால் அதைக் கண்டுகொள்ள ஒருவர் வேண்டும். வளரும் பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நாங்கள் பறித்தது வாரத்துக்கே 90 நிமிடம்.

2013இல் ஆசிரியை ஓய்வுபெற்றார். நானும் அதே ஆண்டு மாற்றலாகி வந்தேன். நோட்டைத் தமக்குப் பின் வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

2022இல் அந்த ஊர்த் திருவிழாவுக்கு மறையுரை ஆற்றச் சென்றிருந்தேன். திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தபோது, ஐந்து வயதுப் பெண்குழந்தையின் கையைப் பிடித்தபடி ஒரு பெண் வந்து, "என்னைத் தெரியுதா சாமி?" என்றாள். தெரிந்தது. விரல் நுனிகளில் பீடித்தூளின் கறை இருந்தது. தாயின் நலம் கேட்டேன். ஆசிரியை நாகர்கோவிலில் மகனோடு இருப்பதாக அவள்தான் சொன்னாள். குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி அளித்தேன்.

"ஒல்லியா இருக்காளேன்னு பாக்காதீங்க சாமி" என்றவள், குழந்தையின் முகத்தைச் சப்பர விளக்கின் பக்கம் திருப்பி, பெருவிரலால் கீழிமையை மெல்லத் தாழ்த்திக் காட்டினாள். "பாருங்க. செவப்பாத்தான் இருக்கு."