நிலம் மயங்காது

அகத்திணையியலில் தொல்காப்பியர் ஒரு சலுகையையும் ஒரு தடையையும் அடுத்தடுத்து வைக்கிறார். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், அதற்கு விலக்கில்லை. ஆனால் நிலமும் நிலமும் மயங்குவதில்லை. குறிஞ்சிக்குரிய புணர்தல் நெய்தல் கரையில் நிகழலாம். குறிஞ்சி நிலமே நெய்தல் நிலமாகிவிட முடியாது. இருபது ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லிவருகிறேன். சொல்லிக்கொண்டே, போடிநாயக்கனூரில், ஏலமலைச் சரிவு சன்னலில் தெரியும் என் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளக் கடல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்காத நண்பர்கள் இல்லை. அம்மா மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர். அப்பாவின் எஸ்டேட் கணக்குப்பிள்ளை உத்தியோகத்துக்காக இந்த மலையடிவாரத்துக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவருக்காகக் கட்டினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவன்று. எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கொள்ளளவு 680 லிட்டர். கண்ணாடி 12 மில்லிமீட்டர் தடிமன். அதன் எடை மட்டுமே 120 கிலோவுக்கு மேல். "இதுல என்ன சார், நீச்சல் பழகப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிக் கடைக்காரர் அறுத்துக் கொடுத்தார். ஒட்டுவதற்குச் சிலிக்கோன். பூஞ்சை தடுக்கும் மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோன் ஆகாது, மீனைக் கொன்றுவிடும். வீடு முழுக்க ஒரு வாரம் காடி நாற்றம். இரும்புச் சட்டத்தை வெல்டிங் பட்டறையில் செய்து, அதன்மேல் பலகை, பலகையின்மேல் தெர்மகோல், அதன்மேல் தொட்டி. நீர் நிரம்பினால் 800 கிலோ நிற்கும். தளத்தின் நூலிழைக் கோணலையும் கண்ணாடி மன்னிக்காது.

பிறகு கடலுக்கு வருவோம். மண்டபத்திலிருந்து இவ்வூர் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் 680 லிட்டர் நீரைச் சுமந்து வருவது மடமை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஆகவே எனக்கு வேண்டியது சுமார் 24 கிலோ. நீரை அங்கேயே விட்டுவிட்டு உப்பை மட்டும் கொண்டு வர வேண்டும் என்பது சங்ககால உமணர்களுக்குத் தெரிந்த கணக்கு. நெய்தலை உள்நாட்டுக்கு வண்டியேற்றிய முதல் ஆட்கள் அவர்களே. ஆனால் அவர்கள் கொண்டுவந்தது சமையலுக்கு ஆகுமே தவிர மீனுக்கு ஆகாது. கடலில் கரைந்திருக்கும் உப்புகளில் சோற்றுப்பு முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். எஞ்சியது மக்னீசியம், சல்ஃபேட், கால்சியம், பொட்டாசியம். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் முதலில் சுண்ணமும் ஜிப்சமும் படிகின்றன. அடுத்துச் சோற்றுப்பு விளைகிறது. மக்னீசியமெல்லாம் கசப்பு நீராக எஞ்சிவிடுகிறது. நாம் உப்பென்று உண்பது கடலிலிருந்து பொறுக்கி எடுத்த ஒரு பகுதி. மீனுக்கோ முழுக் கடலும் வேண்டும். அதனால் எல்லாம் அளவாய்ச் சேர்ந்த உப்புக் கலவையை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அந்த விலையை வீட்டில் சொல்லவில்லை, இங்கும் சொல்வதாக இல்லை.

நீருக்கு வேறொரு சிக்கல். எங்களூரின் கொட்டகுடி ஆறு மலையிலிருந்து இறங்குவது. மேலே ஏலத்தோட்டங்களில் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. துத்தம் என்றால் தாமிரம். ஏலச்செடிக்கு மருந்தாகும் அதே தாமிரம், கடலின் நத்தைக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. ஆற்று நீரில் அது எவ்வளவு வருகிறதென்று அளக்க எனக்கு வசதியில்லை, ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரையே உப்புக் கரைக்கப் பயன்படுத்தினேன். தொல்காப்பியரின் தடை எனக்கு வேதியியலாகப் புரிந்த இடம் இது.

உப்புக் கரைந்ததும் மீனை விட்டுவிட முடியாது. கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாக்க இன்னொன்று. இரண்டும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒவ்வொரு மாலையும் சோதனைக் குழாயில் நிறம் பார்ப்பது மட்டுமே வேலை. வெறும் நீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்னை விருந்தினர் இரக்கத்தோடு பார்த்தார்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பார்கள். நெய்தலைக் கட்டுகிறவனுக்கு முதலில் வாய்ப்பது முல்லையின் இருத்தல்தான்.

மின்சாரம் போனால் சில மணி நேரத்தில் நீரில் பிராணவாயு குறைந்துவிடும். ஆடி மாதக் காற்றில் இங்கே கம்பி அறுவது புதிதன்று. பேட்டரியில் ஓடும் காற்றுக்குழல் ஒன்றைத் தொட்டிக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன். உமணர் வண்டியின் அடியில் கட்டிய சேம அச்சு புறநானூற்றில் வருமே, அதுபோல.

இவையெல்லாம் கைவேலை. மனத்தை அலைக்கழித்தது பாறை. கடல்தொட்டிக்கு நுண்துளைகள் நிறைந்த பாறை வேண்டும். பாக்டீரியாக்கள் குடியிருப்பது அதில்தான். பவளப்பாறையின் உடைந்த துண்டுகளை உயிரோடு எடுத்து வைப்பதே உலகெங்கும் நெடுநாள் வழக்கம். வெளியூர் வியாபாரி ஒருவர் தொலைபேசியில் மிகவும் இலகுவாகச் சொன்னார்: "ஐஸ் பொட்டியில வச்சு பஸ்ஸுல போட்டு விட்டுர்றேன் சார், காலையில தேனி பஸ் ஸ்டாண்டுல எடுத்துக்கங்க." பவளமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தவை, புலிக்கு உள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொன்ன 'வேண்டாம்' அன்று அது.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க வீட்டுச் செவரு பூரா அந்தக் கல்லுதான்டா. உடைச்சா உள்ள பூவு பூவா இருக்கும். சுண்ணாம்பு பூசி மறைச்சிருவாக." அந்தச் சுண்ணாம்பும் பவளக்கல்லைக் காளவாசலில் சுட்டதுதான் என்பதையும் அவரே சொன்னார். மன்னார் வளைகுடாவில் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள். பவளக்கல் அகழ்ந்ததும் அதற்கொரு காரணம் என்கிறார்கள். அம்மா பிறந்த அறையின் சுவர் எந்தத் தீவின் வேலியாக இருந்ததோ! அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு கட்ட எடுத்தார்கள். நான் கேட்பது கூடத்தில் வைத்துப் பார்க்க.

அக்வேரியம் என்ற சொல்லை உலகறியச் செய்தவர் ஃபிலிப் ஹென்றி கோஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர். 1854இல் வெளிவந்த அவர் நூலின் பெயரே அதுதான். அதைப் படித்த கூட்டம் கண்ணாடிச் சாடிகளோடு கடற்கரைக்குக் கிளம்பியது. அவர் மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் எழுதிய 'ஃபாதர் அண்ட் சன்' தன்வரலாற்றில், தாம் சிறுவனாகக் கண்ட பாறைக் குட்டைகள் சேகரிப்பாளர்களால் சூறையாடப்பட்டதையும், தம் புத்தகங்களே அதற்குக் காரணமானதைக் கண்டு தந்தை நொந்ததையும் சொல்கிறார். இலக்கிய வாசகர்கள் அந்நூலை மதமும் மகனும் மோதும் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்களே மறக்கவில்லை. கோஸ் பேராசைக்காரர் அல்லர். நேசித்தார், நேசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஆகவே பாறையையும் செய்தேன். ஒரு பங்கு வெள்ளைச் சிமெண்ட், நான்கு பங்கு நொறுக்கிய கிளிஞ்சல், இடையிடையே கல்லுப்பு. இறுகியபின் நீரில் போட்டால் உப்புக் கரைந்து துளைகள் விழும். சிமெண்டின் காரம் இறங்க இரண்டு மாதம் டிரம்மில் ஊறப்போட்டு நீர் மாற்ற வேண்டும். பார்க்க அழகாக இல்லை. மாட்டுச் சாணம்போல் இருக்கிறது என்று மனைவி சொன்னது சரியே. ஆறு மாதத்தில் பாசி ஏறி ஓரளவு கண்ணுக்குப் பழகிவிட்டது.

மீன்களும் கடலிலிருந்து வரவில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்திருக்கிறது. அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு குஞ்சுகள் பிராணவாயு நிரப்பிய பையில் வந்தன. 680 லிட்டருக்கு இரண்டு மீன்! மாணவர்கள் 'நீமோ' பார்க்க வந்து ஏமாந்து போனார்கள். அம்மா நாற்காலியைத் தொட்டியருகே இழுத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "அலையும் இல்ல, வாடையும் இல்ல. என்னடா கடல் இது?"

கோமாளி மீன்கள் ஆணாகவே வளர்கின்றன. இணையில் பெரியது பெண்ணாகிறது. இவை கடலைப் பார்த்ததில்லை, கடல் சாமந்தியையும் பார்த்ததில்லை. உடைந்த மண்சட்டி ஒன்றைத் தமதாக்கிக்கொண்டு, அதன்மேல் கை வைத்தால் கடிக்க வருகின்றன. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அந்தச் சட்டியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. முதல் இரண்டு முறை மீன்களே தின்றுவிட்டன. இளம் இணைகள் அப்படித்தானாம். மூன்றாம் முறை ஆண் விசிறிக்கொண்டே இருக்கிறது. நேற்று முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. இன்றிரவு விளக்கை அணைத்தபின் பொரிக்கும். கண்ணுக்கு எட்டாத ரோட்டிஃபர் என்னும் உயிரே குஞ்சுகளின் முதல் இரை. அதற்கு இரை பச்சைப் பாசி நீர்.

"எத்தனை தங்கும்?" என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன். மொட்டைமாடியில் அவருடைய வத்தல் தட்டுக்குப் பக்கத்தில் பச்சை நீர் பாட்டில்கள் நான்கு வெயில் காய்ந்துகொண்டிருக்கின்றன.