தாடைக்கு அடியில்

எங்கள் ஊர்ப்பக்கம் தொடையிடுக்கிலோ அக்குளிலோ கட்டி உருண்டால் 'நெறி கட்டியிருக்கு' என்போம். காலில் முள் குத்திச் சீழ் வைத்திருக்கும், நெறி தொடையில் கட்டும். முள்ளை எடுத்துப் புண் ஆறிவிட்டால் நெறி தானாக இறங்கிவிடும். அதனால்தான் போன ஆவணியில் ஒரு ராத்திரி மணியின் தாடைக்கு அடியில் சொறிந்துகொடுக்கும்போது இரண்டு பக்கமும் நெல்லிக்காய் பருமனுக்கு உருண்டை தட்டுப்பட்டதும், டார்ச்சை எடுத்து முதலில் அவன் காலைப் பார்த்தேன். வேலிக்கருவை முள் ஏறாத கால் இந்த ஊரில் நாய்க்கும் கிடையாது, மனுஷனுக்கும் கிடையாது. அன்றைக்கு நாலு காலும் சுத்தமாக இருந்தது. பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் கை போனபோது அங்கேயும் இரண்டு உருண்டை.

முதலில் உண்ணிக் காய்ச்சல் என்று வைத்துப் பார்த்தார்கள். உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும். மாத்திரை கொடுத்துப் பார்த்தும் உருண்டைகள் இறங்கவில்லை. பிறகு திருநெல்வேலி ராமையன்பட்டியில், 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். உருண்டைக்குள் ஊசியை விட்டு உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய். மருத்துவர் சின்ன வயசுப் பிள்ளை. சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஒண்ணும் செய்யலைன்னா ஒண்ணரை மாசம் சார். மருந்து கொடுத்தா ஒரு வருசம் போல இருக்கலாம். குணமாகும்னு சொல்ல மாட்டேன். இருக்கிற வரைக்கும் நல்லா இருப்பான்."

மணி மேஜைமேல் நின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு மணிமேல்தான் விழவேண்டும், அத்தனை நாய்க்கு அந்தப் பேர். மணியாச்சியில் வைத்தால் அது கூடுதல் தொந்தரவு. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் 1911 ஜூன் 17. கொடைக்கானலுக்குப் போகிற வழியில் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட ஸ்டேஷன். அதற்குப் பிறகு இங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தூத்துக்குடி போகிறவர்களும் திருநெல்வேலி போகிறவர்களும் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்கள் கேட்கிற ஒரே கேள்வி "மணி என்னாச்சு?" ஸ்டேஷன் பக்கம் கூட்டிப்போனால் இவன் பாவம், ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பான். ராமையன்பட்டியிலிருந்து வந்த மறுநாள் டீக்கடையில் ஒருவர் அதே கேள்வியை என்னிடம் கேட்டார். நான் "ஊசி போட்டிருக்கு, பரவாயில்ல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் செல்போனை எடுத்து நேரத்தைப் பார்த்துக்கொண்டார்.

மணி கன்னி இனம். சிப்பிப்பாறை என்றால் வெளியூரிலும் தெரியும், கன்னி என்றால் கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்துக்காரர்கள்தான் நின்று பார்ப்பார்கள். கறுப்பு உடம்பு, கால்களில் செம்பழுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு. நாலு கண்ணு நாய் என்பார்கள். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். பட்டணத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் "நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே பார்த்துப் பார்த்து வளர்த்த வம்சம். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்ததிலிருந்து அந்த வம்சத்துக்கு வேலை கிடையாது. நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை போன இரண்டு பேரும் எட்டு வருசமாகச் சாயங்காலம் தண்டவாளத்தை ஒட்டி நடந்து புஞ்சை வரைக்கும் போய்த் திரும்புகிறோம்.

மருந்து எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முறை வைத்து வாரத்துக்கு ஒன்றாக மூன்று மருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு வாரம் ஓய்வு, ஆரம்பத்தில் தினமும் ஸ்டிராய்டு மாத்திரை. ஊசி நரம்புக்குள்தான் ஏறவேண்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால் ஊசி ஏறி முடிகிற வரைக்கும் நான் தலையைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். கல்யாண வீட்டுப் படத்தில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றதில்லை. மருந்து போட்ட இரண்டு மூன்று நாளைக்கு மூத்திரத்திலும் பீயிலும் மருந்து இருக்கும், கையுறை போட்டுத்தான் அள்ளவேண்டும். மனிதர்களுக்குக் கொடுக்கிற வேகத்தில் நாய்க்குக் கொடுப்பதில்லை. மனிதருக்கு நோயை வேரோடு பிடுங்கப் பார்க்கிறார்கள், நாய்க்கு இருக்கிற நாள் சுகமாகப் போகட்டும் என்று அளவைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். முடி பெரும்பாலும் கொட்டாது. மணிக்கு மீசை மட்டும் கொட்டியது. முகம் மழித்த புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

ஸ்டிராய்டு மாத்திரைதான் வீட்டைத் தலைகீழாக்கியது. பசி, தாகம், மூத்திரம். இரண்டு நாளைக்கு ஒருதரம் குடிதண்ணீர் வருகிற ஊரில் ஒரு நாய் குடம் குடமாகக் குடித்தது. ராத்திரி மூன்று தரம் எழுந்து கதவைத் திறந்துவிடவேண்டும். எட்டு வருசமாகத் தட்டில் மோந்து பார்த்துத்தான் சாப்பிடுவான், இப்போது வெண்டைக்காய்க் காம்பைக்கூட விடவில்லை. மகள் வருவாளென்று கோவில்பட்டியிலிருந்து வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டான். 2020இல் புவிசார் குறியீடு வாங்கின பண்டம், அவனைக் குறை சொல்ல முடியாது.

செலவு பற்றி ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் நேரிலேயே கேட்டார்: "அண்ணாச்சி, ஆட்டுக்கு ஒரு ஊசி போட நானு மூணு நாளு யோசிக்கேன். நாய்க்கா இம்புட்டு?" அவர் கேட்டது நியாயம். எனக்குப் பென்ஷன் வருகிறது, அவருக்கு வராது. அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எங்கள் வாசலைக் கடக்கும்போது "என்ன மணி, இன்னிக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

அவர் கேட்காத வேறொரு கேள்வி எனக்குள்ளே இருந்தது. முப்பத்தைந்து வருசத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கும் இந்த நோய்தான், வேறு இடத்தில். மதுரையில் பார்த்துவிட்டு, முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். பஸ்ஸில் வரும்போதே அண்ணனும் நானும் பேசி முடிவெடுத்துவிட்டோம்: அம்மாவிடம் சொல்லக்கூடாது. வயிற்றுப் புண் என்று சொன்னோம். பார்க்க வருகிறவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "உள்ள போயி அழுதுறாதீங்க" என்று சொல்லி அனுப்பினோம். மருந்துச் சீட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம், அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மறந்து. நாலு மாதம் அந்த வீட்டில் எல்லாரும் நாடகம் நடித்தோம். ஒருநாள் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எலே, என்ன புண்ணுடா இது, ஆறவே மாட்டேங்கே?" என்றாள். "ஆறிரும்மா" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. என் மனசு சங்கடப்படக்கூடாது என்று அவளும் நாடகத்தில் சேர்ந்துகொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நாலு மாதத்தில் அவளோடு உட்கார்ந்து பேசின பேச்சு எதுவும் ஞாபகத்தில் இல்லை. மறைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மணியிடம் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேன்சர் என்று சத்தமாகச் சொன்னோம். எத்தனை மாதம், எவ்வளவு பணம், எந்த வேப்பமரத்தடியில் புதைப்பது என்பது வரைக்கும் அவன் எதிரிலேயே பேசினோம். அழுகை வந்தபோது அவன்மேலேயே சாய்ந்து அழுதோம். அவன் கொட்டாவி விட்டான். நாயிடம் காட்டின இந்தத் தைரியத்தை அம்மாவிடம் காட்டியிருக்கலாமே என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது. அம்மாவுக்குப் புரியும், நாய்க்குப் புரியாது, வித்தியாசம் அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

மகள் மருந்தியல் படித்தவள். ஊசி மருந்தின் பேரைப் போனில் வாசித்துக் காட்டினேன். வின்கிரிஸ்டின். "அது நித்தியகல்யாணிப்பா" என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்தச் செடியைத்தானே என் மச்சினன் இரண்டு ஏக்கரில் போட்டிருந்தான்! தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி போடுகிறவர்கள் உண்டு. மழை பொய்த்தாலும் தாங்கும், ஆடு வாய் வைக்காது. காயவைத்து இலையை ஒரு மூட்டையாகவும் வேரை ஒரு மூட்டையாகவும் கட்டி வியாபாரிக்குப் போடுவான். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டால், "ஏதோ மருந்துக்காம்" என்பான். டன் கணக்கில் இலை கொடுத்தால் கிராம் கணக்கில்தான் மருந்து தேறுமாம்.

மடகாஸ்கர் தீவுச் செடி அது. ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பீரும் அதிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். பின்னாலேயே அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் வின்கிரிஸ்டின் வந்தது, 1963இல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் எத்தனையோ பேர் பிழைத்து எழுந்ததில் அந்த மருந்துக்கும் பங்கு உண்டு.

எங்களுக்கு அது சுடுகாட்டுப் பூ. சின்ன வயசில் நான் ஒரு செடியைப் பிடுங்கிவந்து தொட்டிப் பக்கம் நட்டபோது அம்மா கையோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள். "பொணம் எரிக்கிற எடத்துப் பூவ எவனாச்சும் வீட்டுல வைப்பானா?" என் மனைவி இப்போது வாசலில் வரிசையாக நாலு செடி வைத்திருக்கிறாள். தினமும் காலையில் மணி முதல் வேலையாக அதன்மேல்தான் காலைத் தூக்குகிறான்.

மகள் இன்னொன்றும் சொன்னாள்: "777 சார்லி பாத்துறாதீங்கப்பா." 2022இல் வந்த கன்னடப் படம், தமிழிலும் வந்தது. புற்றுநோய் வந்த நாய்க்குப் பனிமலை காட்ட அதை வளர்க்கிறவன் இமயமலை வரைக்கும் கூட்டிப்போவான். கர்நாடக முதல்வராக இருந்த பசவராஜ் பொம்மை அதைப் பார்த்துவிட்டுத் தன் நாயை நினைத்துத் தேம்பி அழுதார். தடுத்த பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தேன், அழுதேன். ஆனாலும் வாத்தியார் புத்தி போகவில்லை. பனிமலை மனுஷனுடைய ஆசை என்று பட்டது. மணிக்கு எங்கே போக ஆசை என்று எனக்குத் தெரியும். திருநெல்வேலிக்குக் குட்டியானை வண்டியில் போகும்போது கங்கைகொண்டான் தாண்டுகிற வரைக்கும் உட்காரமாட்டான். அங்கே புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. ஒரு தடவை ரோட்டோரத்தில் இரண்டு மான் நின்றதைப் பார்த்துவிட்டான். அதிலிருந்து ஊசிக்குப் போகிற ஒவ்வொரு வாரமும் பின்பக்கத் தகரத்தில் முன்னங்காலை வைத்து, மூக்கை நீட்டி, உடம்பெல்லாம் நடுங்க நிற்பான். ஊசி போடப் போகிறோம் என்பதை அவன் மான் பார்க்கப் போகிறோம் என்றுதான் வைத்திருந்தான்.

ஐப்பசியில் மழை இறங்கியது. கரிசல் மழையில் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு படி மண் ஏறும். உளுந்து விதைத்த ஈரப் புஞ்சையில் மணி நாலு காலிலும் மண்பூட்ஸ் போட்டுக்கொண்டு காடையை விரட்டினான். பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றுவிட்டான். முன்னெல்லாம் நிற்கமாட்டான். வரப்பில் உட்கார்ந்து அவன் பாதங்களிலிருந்து குச்சியால் மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தேன். அரைமணி நேரம் ஆனது. தூத்துக்குடி பாசஞ்சர் போயிற்று. எட்டு வருசத்தில் அவன் பாதத்தை நான் அவ்வளவு நேரம் பிடித்துப் பார்த்ததில்லை. விரல் இடுக்கில் வெள்ளையாக ஒரு மயிர்க்கற்றை இருக்கிறது, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாவது ஊசியிலேயே நெறி இறங்கத் தொடங்கியிருந்தது. பொங்கல் கழிந்து ஊசிகளும் முடிந்தன. "போயிருச்சான்னு கேக்காதீங்க சார், ஒளிஞ்சிருக்கு" என்றார் மருத்துவர். திரும்பி வரும், வந்தால் தாடைக்கு அடியில்தான் முதலில் தெரியும். அதனால் தினமும் ராத்திரி அங்கே கை வைத்துப் பார்க்கிறேன். எட்டு வருசமாகச் சொறிந்துகொடுத்த இடம். இப்போது விரல் சொறிகிறதா, தேடுகிறதா என்று எனக்கே தெரிவதில்லை. அவனுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுக்கிறான். சில நாள் ஏதோ தட்டுப்பட்டது போலிருக்கும், மனைவியைக் கூப்பிட்டு அவளையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அவள் தொட்டுவிட்டு, "எலும்புய்யா" என்பாள்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். உளுந்து களத்தில் கிடந்தது. ராத்திரி முற்றத்தில் கட்டிலைப் போட்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்னென்னவோ பேச்சு, அம்மாவைப் பற்றியும்தான். அரிசிப் பானைக்குப் பின்னால் சீட்டை ஒளித்த கதையை மகளுக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொன்னேன். மணி கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான். அவன் வால் அவ்வப்போது கயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. எப்போது தூங்கினோம் என்று தெரியவில்லை.

காலையில் பல் விளக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, ராத்திரி தொட்டுப் பார்க்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மணி ஆட்டுக்காரர் பின்னால் களம் வரைக்கும் போயிருந்தான்.