தாழியின் குரல் கேட்கும் சமையலறை!

ஷாங்காயில் அதிவேக ரயில் ஏறினால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஷாவ்சிங் வந்துவிடும். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் இருக்கும் கால்வாய்களின் ஊர். கறுப்புக் கூரை போட்ட சின்னப் படகுகள், கல் பாலங்கள், எங்கு பார்த்தாலும் மண் ஜாடிகள். 'ஹுவாங்ஜியு' எனப்படும் மஞ்சள் ஒயினுக்குப் பெயர்போன ஊர் இது. அரிசியில் செய்வது. இறைச்சி, மீன் வாடை போக சீனச் சமையலில் ஊற்றுவதும் இதைத்தான்.

கடந்த டிசம்பரில் நான் போனது, அலுவலகத் தோழி ஒருத்தியின் வீட்டுக்கு. அவள் இன்டீரியர் டிசைனர். தாத்தா காலத்து வீட்டின் பின்கட்டை, ஒயின் தயாரிக்கும் சமையலறையாக மாற்றிக்கொண்டிருந்தாள். பூசாத செங்கல் சுவர், கறுப்பு இரும்பு அலமாரி, பழைய மரப்பலகை மேஜை என்று பழைய தொழிற்கூடம் போன்ற தோற்றம். 'இண்டஸ்ட்ரியல் ரஸ்டிக்' என்று இதற்குப் பெயர்.

வரைபடத்தைப் பார்த்த அவள் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "தாழி எங்கே நிற்கும்?"

அவர் நாற்பது வருடம் ஒயின் ஆலையில் வேலை பார்த்தவர். அந்தக் கேள்வியால் வரைபடமே மாறிப்போனது.

ஷாவ்சிங்கில் பாரம்பரிய முறைப்படி ஒயின் போடுவது குளிர்காலத்தில் மட்டும்தான். நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கி பிப்ரவரி வரை. குளிரில் வேண்டாத கிருமிகள் அடங்கியிருக்கும்; நொதித்தலும் நிதானமாக நடக்கும். வெந்தால் ஒட்டிக்கொள்ளும் ரக அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, மூங்கில் பாயில் பரப்பி ஆறவிடுகிறார்கள். பிறகு ஜியான்ஹு ஏரித் தண்ணீர், கோதுமையில் பூஞ்சை வளர்த்துச் செய்த கட்டி, ஈஸ்ட் நிறைந்த தாய்க்கலவை ஆகியவற்றோடு பெரிய மண் தாழியில் சேர்க்கிறார்கள். பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. இரண்டும் ஒரே தாழியில், ஒரே நேரத்தில்!

அதனால் தாழிகள் வெயில் படாத வடக்குச் சுவர் ஓரம் போயின. அடுப்பு தெற்கே. நடுவில் ஜன்னலை ஒட்டி, பாய் விரிக்க வெற்றிடம். அரிசி ஊறிய தண்ணீர் தேங்காமல் ஓட, தரையில் லேசான சரிவு. உயர அலமாரியில் அழகாக அடுக்க நினைத்த ஜாடிகள், எடை தாங்காது என்று தரையோடு தரையாக இறங்கின. அறையை இறுக்கமாக மூடும் கண்ணாடிக் கதவுகளும் வேண்டாம் என்றாயிற்று. நொதிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. கீழேயே தங்கி மூச்சை அடைக்கும். எனவே, சுவரின் அடியில் காற்றுத் துளைகள் வைத்தார்கள்.

கடைசியில் சண்டை வந்தது எக்ஸாஸ்ட் ஃபேனால். தாழிகளுக்கு மேலே ஃபேன் கூடவே கூடாது என்றார் அப்பா. காரணம், சத்தம்.

தாழிக்குள் சூடு ஏறியதும் நீளமான மரத் துடுப்பால் கிளறவேண்டும். 'காய் பா' என்பார்கள். சீக்கிரம் கிளறினாலும் தாமதித்தாலும் ஒயின் கெடும். அந்த நேரத்தைக் காதால்தான் கண்டுபிடிப்பார்கள். நானும் காதை வைத்துப் பார்த்தேன். ஓலைக்கூரை மேல் தூறல் விழுவதுபோல் மெல்லிய சத்தம். எனக்கு அவ்வளவுதான் கேட்டது. அவருக்கோ அது மணி காட்டியது.

பெரிய ஆலைகளில் இப்போது வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் எஃகுத் தொட்டிகள் வந்துவிட்டன. ஷாவ்சிங் ஒயின் தயாரிப்பு முறையை 2006-ல் சீனா தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால், இந்தக் காதுப் பழக்கத்தை பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். ஃபேன் அடுப்புப் பக்கம் போனது. தோழி விடுமுறைக்கெல்லாம் ஊருக்கு வர ஆரம்பித்தாள்.

கிளம்பும்போதுதான் கவனித்தேன். தரை முழுக்கப் பளபளவென்று சிமென்ட். கிழக்கு மூலையில் மட்டும் நான்கைந்து பழைய செங்கற்கள், பூசாமல் சும்மா பதித்திருந்தன.

"இது மட்டும் ஏன் இப்படி?"

பெண் குழந்தை பிறந்தால் ஒரு ஜாடி ஒயினை மண்ணில் புதைத்து, அவள் கல்யாணத்தன்று எடுப்பது இந்த ஊர் வழக்கம். பெயர் 'நூ அர் ஹோங்'. மகளின் சிவப்பு என்று சொல்லலாம். அவளுடைய ஜாடி அங்கேதான் இருக்கிறது. அவளுக்கு வயது 38.

"எனக்குக் கல்யாணத்துல விருப்பமில்லைன்னு அப்பாவுக்குத் தெரியும். 'அந்த இடத்துல மட்டும் சிமென்ட் போடாதே'ன்னு சொன்னார். வேற எதுவும் சொல்லலை" என்றாள்.

சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் போட்ட ஒயின் நல்லா இருக்குன்னு அவர் என்னிக்குச் சொல்றாரோ, அன்னிக்கு இதைத் தோண்டலாம்னு இருக்கேன். அவர்கிட்ட இன்னும் கேட்கலை."

உள்ளே, அவர் தாழியில் காது வைத்தபடி அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.