மார்கழி ரசீதும் ஒரு சின்ன வாலும்

மார்கழி மாசம் நம்ம சி ரூசா கோயில் கவுண்டர்ல அன்னதானத்துக்குப் பணம் கட்டினவங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிக்கணும். பதிவு நீளம்தான், மன்னிக்கணும்.

அன்னதானக் கணக்குல 2,340 வெள்ளி குறையுதுன்னு தை மாசக் கூட்டத்துல பேச்சு வந்துச்சு. எல்லாரும் கவுண்டர்ல உட்காருற அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தோம். பால்மரம் வெட்டின குடும்பம், பதினொரு வருஷமா அந்த நாற்காலியில தொண்டூழியம் செய்றவங்க. அவங்க ஒரு வார்த்தை பேசல. மறுநாள்லருந்து வரல.

நடந்தது இதுதான். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திட்டாங்க. நாங்களும் வேற கணினி வாங்கினோம். ரசீது போடுற புரோகிராம் ஆக்சஸ்ல செஞ்சது. செஞ்ச தம்பி இப்ப சிங்கப்பூர்ல வேலை செய்றார். போறப்போ அதைக் கம்பைல் பண்ணி, ஏசிசிடிஇ கோப்பா குடுத்துட்டுப் போனார். அந்த மாதிரி கோப்பு வேலை செய்யும், ஆனா உள்ளே எழுதியிருக்கிற கோடைப் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. மூலக் கோப்பு அவரோட பழைய லேப்டாப்போட போச்சு.

பழைய கணினியில ரெண்டு ஐகான் இருக்கும்: பொது, அன்னதானம். நாங்க மாத்தினப்போ கோப்பு ஒண்ணுதான் கிடைச்சுது. கிளிக் பண்ணினோம், திறந்துச்சு, ரசீதும் வந்துச்சு. "இனிமே எல்லாம் இதுலதான் அக்கா"ன்னு சொன்னது நாங்கதான்.

பிறகு ஸ்டோர்ல மேளப் பெட்டிக்குப் பக்கத்துல கிடந்த பழைய கணினியைத் திறந்து, அன்னதானம் ஐகானை வலது கிளிக் பண்ணி புராப்பர்ட்டீஸ் பார்த்தோம். டார்கெட்னு ஒரு கட்டம். அதுல ஆக்சஸ் இருக்கிற இடம், நம்ம கோப்பு இருக்கிற இடம், கடைசியா ஒரு வால்: சாய்வுக்கோடு போட்டு சிஎம்டி, ஒரு இடைவெளி, அப்புறம் அன்னதானம்ங்கிற சொல். பொது ஐகான்ல அந்த வால் இல்லை. ரெண்டும் திறக்கிறது ஒரே கோப்பு!

தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டதுல விளங்கிச்சு. அர்ச்சனைத் தட்டைக் குடுக்கிறப்போ குருக்கள் பேரு, நட்சத்திரம் கேட்கிறார் இல்லையா? சொன்னா உங்க பேருக்குப் பண்ணுவார். ஒண்ணும் சொல்லாம நின்னா சாமி பேருக்குப் பண்ணிடுவார். இந்தப் புரோகிராமும் அப்படித்தான். திறந்த உடனே கமாண்ட்ங்கிற ஃபங்ஷன் வழியா, வால்ல என்ன சொல்லி அனுப்பினாங்கன்னு பார்க்கும். அன்னதானம்னு இருந்தா அந்தக் கணக்கு. காலியா இருந்தா பொதுக் கணக்கு. கோப்பை நேரா கிளிக் பண்ணினா வால் போகாது. பிழைச் செய்தியும் வராது.

பொதுக் கணக்கைப் பார்த்தோம். அதே 2,340 வெள்ளி கூடுதலா நிக்குது. கூட்டத்துல குறைஞ்சதைப் பத்தித்தான் கேட்டோமே தவிர, கூடியிருக்கிறதை ஒருத்தரும் கேட்கல. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போகணும், தப்பாவே போயிருக்கும்.

உள்ளே கை வைக்க முடியாததால வாலை மட்டும் திரும்பப் போட்டோம். அதுக்கே ரெண்டு தடவை தப்பு பண்ணினோம். கோப்பு இருக்கிற இடத்தை இரட்டை மேற்கோளுக்குள்ள போடணும், வால் மேற்கோளுக்கு வெளியே வரணும். நாங்க வாலையும் உள்ளே போட்டதுல விண்டோஸ் ஏத்துக்கவே இல்லை. வேற ஏதாவது கட்டளை சேர்த்தாலும் சிஎம்டி கடைசியிலதான் நிக்கணும், அதுக்குப் பின்னால வர்றது எல்லாம் வால்தான். ஃபேக்டரியில ஜாப் கார்டு இல்லாம மிஷினை ஓட்டாதன்னு தினமும் பசங்களைத் திட்டுறவங்க நாங்க. வெட்கமாத்தான் இருக்கு.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பசியாறச் சொன்னாங்க. கணக்கைப் பத்திப் பேசல. இன்னும் கவுண்டருக்கு வரல. அவங்க மேல ஒரு குத்தமும் இல்லைன்னு கூட்டத்துல பேசினவங்க எல்லாரும் இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

உங்க ரசீதை எடுத்துப் பாருங்க. அன்னதானத்துக்குக் கட்டியிருந்து, நம்பருக்கு முன்னாடி 'அ' இல்லாம 'பொ'ன்னு இருந்தா கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல கவுண்டர்ல இருப்போம்.