துறையில் ஒரு கணக்கு, பள்ளியில் ஒரு கணக்கு

இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயத்தைக் கடந்து வடக்கே சென்றால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை அடைகிறோம். பொழுது புலருமுன்பே அங்குக் கணக்கு ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. ஏலம் கூறுவோர் குரலில் விலை ஏறுகிறது. கடலின் ஆழத்தை மீனவர், விரித்த இரு கைகளின் நீளமாகிய 'பாகம்' கொண்டு சொல்கின்றனர். 5 மீன் 200 ரூபாய் என்றால் 8 மீன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "ஐந்துக்கு இருநூறு, இரண்டுக்கு எண்பது, ஒன்றுக்கு நாற்பது, முந்நூற்றிருபது" என்று மீன் விற்கும் தாய்மார் நொடியில் சொல்லிவிடுவர். ஏடும் இல்லை, எழுதுகோலும் இல்லை.

திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் இக்கரையின் பிள்ளைகள் வகுப்பறையில் கணக்கை எவ்வாறு பேசுகின்றனர்? வாய்ப்பாட்டை ஒருமித்து ஒப்பிக்கும் குரல் நமக்குப் பழகியதே. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒருவன் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லினர். அரைக்கால், வீசம் முதலிய பின்னங்களும் அவ்வாறே மனத்தில் பதிந்தன. 1789-இல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆன்ட்ரூ பெல், நம் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். அது 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இங்கிலாந்திலும் பரவியது.

ஒப்பித்தல் நன்றே, ஆயினும் விளக்கிச் சொல்லுதல் வேறொன்று. பல நாட்டு வகுப்பறைகளை ஆஸ்திரேலியாவின் டேவிட் கிளார்க்கும் அவர்தம் துணைவரும் ஒப்பிட்டனர். அவர்கள் கண்ட சியோல் வகுப்புகளில் கணிதச் சொற்களை மாணவர் பெரும்பாலும் கூடியே சொல்லினர். ஷாங்காயில் தனித்தனியாகவும் மிகுதியாகச் சொல்லினர்.

காசிமேட்டைப் போலவே பிரேசில் நாட்டின் ரெசீஃபேயும் துறைமுக நகர். அங்குத் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 விழுக்காடு சரியாகச் சொல்லினர். அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகத் தந்தபோதோ, 37 விழுக்காடே சரியாயிற்று! பத்துத் தேங்காயின் விலையை மூன்று மூன்றாகக் கூட்டிச் சொன்ன சிறுவனும் அவர்களில் ஒருவன்.

அறிவு குறைந்ததன்று, தெருவில் பேசிய வாய் தாளின் முன் அடைபட்டது. நம் கரையிலும் இது நேரலாகாது. தாயின் வாய்க்கணக்கைப் படியாதவர் கணக்கென்று பிள்ளை நாணினால், அவன் கைவசமுள்ள செல்வமன்றோ வீணாகிறது? ஆகவே, பெற்றோரே, மாலையில் பிள்ளையிடம் "விடை என்ன?" என்று மட்டும் கேளாதீர்கள். "அது எப்படி வந்தது, சொல்" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.