ஸ்லோ நிற்காத கார்

"ஐடிலிங் என்றால் என்ன? அப்போது கலவை ஏன் ரிச்சாக இருக்க வேண்டும்?"

மெக்கானிக்கல் படிக்கிற எல்லோரும் ஒரு முறையாவது எழுதியிருக்கும் இரண்டு மார்க் கேள்வி. ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது, இன்ஜின் அணைந்து போகாமல் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் வேகம்தான் ஐடில் வேகம். த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உள்ளே வரும் புதுக் காற்று குறைவு. வெளியேறாமல் தங்கிவிட்ட பழைய புகையின் பங்கு அதிகம். அதனால் கார்புரேட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். நாலு வரி எழுதினால் இரண்டு மார்க். அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

சேலத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணும் அப்படித்தான் எழுதிவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி அவளிடம் திரும்பி வந்தது ஏற்காடு மலைப்பாதையில்.

அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். 2009-ல் வாங்கிய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். கொஞ்ச நாளாகவே சிக்னலில் நின்றால் இன்ஜின் 'கட கட'வென்று நடுங்கும். சில சமயம் அணைந்துவிடும். திரும்ப செல்ஃப் அடித்தால் எடுத்துக்கொள்ளும். "வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்காட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுக் குடும்பத்தோடு இறங்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க கிளட்சை மிதித்தார். இன்ஜின் அணைந்துவிட்டது.

சிக்னலில் அணைவதும் மலை இறக்கத்தில் அணைவதும் ஒன்றல்ல. பவர் ஸ்டீயரிங் உடனே கல்லாகிவிட்டது. பிரேக் முதல் மிதிக்கு வழக்கம்போல் பிடித்தது, அடுத்ததற்குக் கொஞ்சம், அதற்கடுத்ததற்கு மிதி கட்டைபோல் நின்றது. காரணம் எளிது. பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டர், இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் பிரேக் பிடிக்கும். ஆனால் காலில் பல மடங்கு பலம் வேண்டும். அவருக்கு வயது அறுபத்து மூன்று. எப்படியோ இரண்டாவது கியரைப் போட்டு கிளட்சை விட்டார். உருண்டுகொண்டிருந்த சக்கரமே இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிட்டது. கீழே வரும் வரை காரில் யாரும் பேசவில்லை.

மறுநாள் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. த்ராட்டிலின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவை ஏற்றிக் கொடுத்தார்கள். சத்தம் சரியாகிவிட்டது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஏ.சி.யைப் போட்டால், வாசலிலேயே அணைந்தது.

அடுத்து இன்னொரு இடம். ஸ்பார்க் பிளக் நான்கும் மாற்றினார்கள். அப்புறம் பிளக் ஒயர். அப்புறம் பெட்ரோல் ஃபில்டர். அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள்; பி0506 என்று ஒரு கோடு வந்தது. அதற்கு அர்த்தம் 'ஐடில் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு' என்பதுதான். அதாவது சிக்னலில் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரருக்கும் தெரிந்த விஷயம். ஏன் குறைவு என்று மெஷின் சொல்லவில்லை. கடைசியில், "சார், இ.சி.எம். போயிருக்கும். மாத்திடலாம்" என்றார்கள். கேட்ட தொகை அவருடைய இரண்டு மாத பென்ஷனைத் தாண்டியது. அன்று இரவு அவர், "கண்ணு, வண்டியை வித்துடலாம்னு பாக்கறேன். இனிமே மலைக்கெல்லாம் நம்மால முடியாது" என்றார். இதுநாள் வரை அவர் 'நம்மால் முடியாது' என்று சொல்லி மகள் கேட்டதில்லை. அவர் வண்டியை மட்டும் சொல்லவில்லை என்று அவளுக்குப் பட்டது.

அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது, கல்லூரிக்குப் போகும் வழியில் புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"எப்போலேர்ந்து இப்படி, வாத்தியாரே?"

"ஒரு மூணு மாசமா, பாய்."

"அதுக்கு முன்னாடி வண்டியில என்ன கை வெச்சீங்க?"

"ஒண்ணுமே செய்யலையே... பேட்டரிதான் மாத்தினேன்."

பாய் தலையை ஆட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அதற்கப்புறம் அவர் செய்ததையெல்லாம் அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். யாருக்கும் பயன்படும் வரிசை அது.

முதலில் காது. வேகம் குறைவாக இருந்தாலும் ஒரே சீராக ஓடுகிறதா, இல்லை நொண்டி நொண்டி ஓடுகிறதா? நொண்டினால் ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பிளக், இன்ஜெக்டர், வால்வு என்று தேட வேண்டும். சீராகக் குறைந்திருந்தால் நான்குக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு. இந்த வண்டி சீராகத்தான் திணறியது. பிளக்குக்கும் ஒயருக்கும் கொடுத்த காசு அந்த இடத்திலேயே வீண் என்று தெரிந்துவிட்டது.

இரண்டாவது, ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு தொட்டுப் பார்ப்பது. தொட்டவுடன் இன்ஜின் தெளிந்துவிட்டால் பெட்ரோலும் தீப்பொறியும் பெரும்பாலும் சரி. மூடிய த்ராட்டில் வழியாக வரும் காற்றுதான் போதவில்லை. தெளிந்தது.

மூன்றாவது, ஹோஸ்கள். எங்காவது 'உஸ்' சத்தம் வருகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு வேக்குவம் ஹோஸையும் நசுக்கி இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்த்தார். வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகுந்தால் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். உள்ளே வரும் காற்றை சென்சார் நேரடியாக அளக்கும் வண்டிகளில், கணக்கில் வராத காற்றால் கலவை மெலிந்து இன்ஜின் தடுமாறும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில் ஐடில் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும்.

நான்காவது, பிரேக் பூஸ்டர். வண்டியை அணைத்துவிட்டு மிதியை நாலைந்து முறை அமுக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ண வேண்டும். மிதி லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பிடித்தால் இன்ஜின் சத்தம் மாறிக்கொண்டே போகக் கூடாது. மாறினால் பூஸ்டரில் ஓட்டை. இந்த வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் பாய் ஸ்பானரை எடுத்தார். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய குழாயைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தார். "பாரு பாப்பா" என்றார்.

த்ராட்டிலின் வட்டத் தகட்டைச் சுற்றிலும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. இன்ஜினின் அடிப்பாகத்தில் உண்டாகும் எண்ணெய் ஆவியை வெளியே விடாமல் திரும்பவும் காற்றுப் பாதைக்கே அனுப்பி எரிப்பது வழக்கம். அந்த ஆவியும் தூசும் சேர்ந்து வருடக்கணக்கில் படிந்த கறை அது. மூடிய த்ராட்டிலின் ஓரத்தில் இருக்கும் இடைவெளி மயிரிழை அளவுதான். அதையும் அடைத்திருந்தது. த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு காற்று போக ஒரு தனிச் சந்து உண்டு. அதில் கம்ப்யூட்டர் திறந்து மூடும் ஐடில் வால்வு இருக்கிறது. அதன் முனையிலும் கரி.

சரி, பதினான்கு வருடமாகப் படிந்த கரி மூன்று மாதத்துக்கு முன்னால்தான் வேலையைக் காட்ட வேண்டுமா?

அங்கேதான் பேட்டரி வருகிறது. கரி கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க அடைக்க, கம்ப்யூட்டர் ஐடில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து சமாளித்துக்கொண்டே வந்திருக்கிறது. எவ்வளவு திறந்தால் இன்ஜின் நிற்கும் என்பதைத் தன் நினைவில் வைத்திருந்தது. பேட்டரியைக் கழற்றியதும் அந்த நினைவு அழிந்துவிட்டது. புதிதாக வாங்கிய அன்று இருந்த அளவிலிருந்து ஆரம்பித்தது. புதிய வண்டிக்குப் போதுமான காற்று இந்தப் பழைய வண்டிக்குப் போதவில்லை. மறுபடி கற்றுக்கொள்ளவும் ஒரே சீரான ஐடில் வேண்டும். அதற்குள் அணைந்துவிட்டால் எங்கே கற்பது?

போதாததற்கு அந்த ஸ்க்ரூ. கார்புரேட்டர் காலத்தில் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகுவது சரியான வைத்தியம்தான். 1983-ல் வந்த மாருதி 800-இலும், அதற்கு முந்தைய அம்பாசடரிலும் பத்மினியிலும் அதுவே வழக்கம். 2000-ல் வந்த புகை விதிகளுக்குப் பிறகு பெட்ரோல் கார்கள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. இவற்றில் த்ராட்டில் முழுவதும் மூடியிருக்கிறது என்று சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் 'இது ஐடில்' என்று புரிந்துகொண்டு பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரூவைத் திருகித் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டால், பல வண்டிகளில் 'ஓட்டுநர் கால் வைத்திருக்கிறார்' என்று கம்ப்யூட்டர் ஒதுங்கிவிடும். அப்போது ஏ.சி. கம்ப்ரசர் வந்து இழுத்தால் கூடுதல் காற்று கொடுக்க ஆளில்லை. இன்ஜின் அணையும். வாசலில் நடந்தது அதுதான்.

மலையில் நடந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. கியரில் இறங்கும்போது, கால் எடுத்த நிலையில், கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்தி வைக்கும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். கிளட்சை மிதித்தவுடன் வேகம் சரசரவென்று விழும். பெட்ரோலைத் திரும்பக் கொடுத்து 800-இல் தாங்கிப் பிடிக்க வேண்டும். நாலு சிலிண்டர் இன்ஜினில் 800 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 27 முறை பற்றி எரிகிறது. 500-க்கு விழுந்தால் 17 முறைதான். உராய்வையும் ஆல்டர்னேட்டரையும் ஸ்டீயரிங் பம்பையும் சுமக்க அது போதாது. நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது இந்தக் கரியெல்லாம் தெரியவே தெரியாது. எந்தக் கையிருப்பும் இல்லாமல் இன்ஜின் ஓடுவது ஐடிலில்தான். அதனால் சின்னக் கோளாறுகூட அங்கே முதலில் தெரிந்துவிடும்.

வேலை ஒன்றரை மணி நேரம். கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைத்தார். கம்பியாலோ உப்புத்தாளாலோ சுரண்டவில்லை. ஐடில் வால்வின் முனையைத் துடைத்தார். அதன் மின்சாரப் பகுதியில் ஸ்ப்ரே படவிடவில்லை. ஸ்க்ரூவில் கம்பெனி போட்ட பெயின்ட் அடையாளம் இன்னும் இருந்தது. அது பொருந்தும்படி பழைய இடத்துக்கே திருப்பினார். அப்புறம் ஏ.சி., லைட் எல்லாம் அணைத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும் வரை ஸ்லோவிலேயே விட்டார். முதலில் முள் ஏறி இறங்கி அலைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அலைச்சல் குறைந்து 800-க்கு வந்தது. பிறகு ஏ.சி.யைப் போட்டார். ஒரு நொடி தாழ்ந்து, தானே ஏறிக்கொண்டது.

எல்லா வண்டிக்கும் இதே முடிவு வராது. சிலவற்றில் கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில். அதைக் கையால் தள்ளக் கூடாது, சுத்தம் செய்த பிறகு கற்றுக்கொடுக்கும் முறையும் வேறு. சிலவற்றில் திறந்தபடி மாட்டிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு காரணமாக இருக்கும். உங்கள் வண்டியில் கை வைக்கும் முன் அதன் மேனுவலைப் பாருங்கள். ஆனால் 'எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன மாற்றினோம்' என்ற கேள்வி எல்லா வண்டிக்கும் பொது. அதைக் கேட்கக் காசு எதுவும் ஆகாது.

பாய் வாங்கிய கூலி, முதலில் மாற்றிய பிளக்குகளின் விலையைவிடக் குறைவு.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் ஏற்காட்டுக்குப் போனார்கள். விசேஷம் ஒன்றுமில்லை. இறங்கும்போது அதே வளைவுக்கு முன்னால் அவர் கிளட்சை மிதித்தார். மகள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தது, 800-இல் நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் கியரை மாற்றி வளைவில் திரும்பினார்.

வண்டியை விற்கும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. டேஷ்போர்டில் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. வண்டியில் எது மாற்றினாலும் தேதி போட்டு எழுதி வைக்கிறார். வாத்தியார் கையெழுத்தில் முதல் வரி: பேட்டரி மாற்றியது.