கலாமா, கேப்டன் லட்சுமியா?

எங்க வீட்ல 2002 ஜனாதிபதி தேர்தல் இன்னும் முடியலைங்க. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அத்திப்பள்ளி நெரிசல்ல நீந்தி ஓசூர் வந்து சேர்ந்தா, சாப்பிடும்போது அப்பா ஆரம்பிச்சிடுவார். சிப்காட்ல யூனியன்காரரா இருந்தவர். அவருக்கு கேப்டன் லட்சுமிதான். நான் கலாம் கட்சி (இன்ஜினியரிங் சேர்ந்ததே அவரால்தான்).

"ஓட்டு மதிப்பு 9,22,884க்கு 1,07,366. அப்புறம் என்னப்பா?"

"ஓட்டுப் போட்டது எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்டா. நேதாஜி படையில ஜான்சி ராணி ரெஜிமெண்டை நடத்தினவங்க, கான்பூர்ல ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவங்க... 87 வயசுல நின்னாங்க. ராக்கெட் விட்டா போதுமா?"

2006ல் ஆதாயப் பதவி மசோதாவைக் கலாம் திருப்பி அனுப்பியதைச் சொல்லி மடக்கினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "2005ல பீகார் சட்டசபையைக் கலைக்க மாஸ்கோவுல இருந்துக்கிட்டே கையெழுத்துப் போட்டாரே? செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சே?" என்றார்.

தேடிப் பார்த்தேன். நிஜம்தான்.

ஒருமுறை கம்பெனி நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லி வேலையை விட்டவர் அப்பா. அப்போ அம்மா தோட்டை அடகு வெச்சுதான் என் ஸ்கூல் ஃபீஸ். அவர் அதைப் பத்திப் பேசவே இல்லை. மோர் ஊத்திக்கிட்டார்.

கலாம் மேல மரியாதை குறையலை. ஆனா அன்னைக்கு நான் பதில் சொல்லலை.